குய்மொழியும் அதன் கிளைமொழிகளும்: பெயர்வழிப் பாகுபாடு பற்றிய ஒரு மதிப்பீடு

1. பெயரொற்றுமையும் இனவொற்றுமையும்

ஒரு மொழியின் பெயரைக் கேட்ட அளவிலேயே அதன் இனத்தைத் துணிந்துவிடுதல் மொழியாராய்ச்சியாளர்க்கு எளிதில் நேரும் பிழை. அப்பிழைக்கு நாமும் ஒருகால் ஆளானோம். திராவிட மொழிகள் பற்றிய நூற்குறிப்புகளைச் சீட்டுகளில் எழுதித் தொகுத்து வந்தபோது, தாய்லாந்தில் 1978-ஆம் ஆண்டு வெளிவந்த அகராதியொன்றின் குறிப்பை ஒடிசா மாநிலத்துக் கூயி மொழிக்குரிய சீட்டுகளோடு சேர்த்து வைத்துவிட்டோம். உரோமன் எழுத்தில் இரு மொழிகளின் பெயரும் ஒன்றாகவே எழுதப்பட்டிருந்தமை இதற்குக் காரணம். பின்னர்ச் சீட்டுகளை ஒழுங்குபடுத்துங்கால் பிழை புலப்பட்டது. அதனைத் திருத்துதல் நொடிப்பொழுதில் முடிந்தது. ஆனால் அது எழுப்பிய வினா எளிதில் அகலவில்லை. ஒரு மொழியைப் பிறிதொரு மொழியாக எண்ணச் செய்தது பெயரென்றால், ஒரே மொழியைப் பல மொழிகளாக எண்ணச் செய்வதும் பெயராகலாமன்றோ? குய்மொழியின் கிளைமொழிகள் பற்றிய எழுத்துகளை அவ்வினாவோடு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

ஒடிசாவின் கந்தமால் மலைப்பகுதியில் கந்தர் பேசும் கூயி, தமிழுக்கு உறவுடைய திராவிட மொழி. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே அது 'கூ' என்னும் பெயரால் இடம்பெற்றது. வின்ஃபீல்டு எழுதிய அதன் இலக்கணம் 1928-இல் வந்தது. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் 9 இலட்சத்திற்கு மேற்பட்டோர்.

நாம் ஈண்டு ஆராயும் குய்மொழியோ வேறு குடும்பத்தது. தாய்லாந்தின் வடகிழக்கே சூரின், சிசாகேத், உபோன் ராச்சதானி, புரிராம் ஆகிய மாகாணங்களிலும், கம்போடியாவின் வடக்கே பிரேயா விகார், கம்பொங் தோம், ஸ்டங் திரெங் ஆகிய மாகாணங்களிலும், லாவோசின் தென்பகுதியிலும் அது வழங்குகிறது. ஆசுத்திரோ-ஆசிய மொழிக்குடும்பத்தில் கத்து இனமொழிகள் எனப்படும் பிரிவைச் சார்ந்தது; அப்பிரிவினுள்ளும் புரு, சோ என்னும் மொழிகளோடு மிக நெருங்கியது. பால் சிட்வெல் 2005-இல் வெளியிட்ட கத்து இனமொழி ஒப்பாய்வு இவ்வுறவை விரிவாக நிறுவியுள்ளது.

இங்கு ஒரு செய்தி நினைவிற் கொள்ளத்தக்கது. கூயி வழங்கும் அதே ஒடிசாவின் தென்மலைகளில் சவரர் என்பார் சோரா மொழியைப் பேசுகின்றனர். அது முண்டா இனத்தது. 1906-இல் வில்லெம் சுமித்து எடுத்துரைத்த ஆசுத்திரோ-ஆசியக் குடும்பத்தில் அடங்குவது. கிடுகு இராமமூர்த்தி 1931-இலும் 1938-இலும் அதற்குக் கையேடும் அகராதியும் படைத்தளித்தார். ஆகவே, கடலுக்கு அப்பாலுள்ள குய்மொழிக்கு ஒடிசாவில் உறவுமொழி ஒன்று உண்டு. ஆனால் அது குய்மொழியின் பெயரைத் தாங்கிய கூயி அன்று, பெயரளவில் எவ்வகைத் தொடர்புமில்லாத சோராவே. பெயர் சேர்த்ததை இனம் சேர்க்கவில்லை. இனம் சேர்த்ததைப் பெயர் காட்டவில்லை.

2. பிறர் இட்ட பெயர்

'குய்' என்பதற்கு அம்மொழியில் 'மனிதன்' என்பதே பொருள். தம்மை மாந்தர் என்னும் சொல்லாலேயே குறித்துக்கொள்ளும் மக்கள் உலகிற் பலர். குய் மக்களும் அவ்வாறே. ஆனால் தாய்லாந்தில் அவர்களுக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் 'சுவாய்' என்பது. தாய்மொழியில் தாழ்ந்த தொனியில் ஒலிக்கும் அச்சொல்லுக்குத் திறை என்று பொருள். அதே ஒலிகளை ஏறு தொனியிற் சொன்னால் 'அழகு' எனப் பொருள்படும், இப்பெயர் அதன்று. சயாம் அரசில் உடலுழைப்புக்கு ஈடாக விளைபொருளும் காட்டுப்பொருளும் செலுத்திய குடிகள் திறைக்குடிகள் எனப்பட்டனர். அரசிறைக் கணக்கேட்டின் வகைப்பெயர் ஓர் இனத்தின் பெயராகவும், பின் அவ்வினத்தின் மொழிப்பெயராகவும் நிலைத்துவிட்டது.

அயோத்தியா அரசின் இறுதி வேந்தன் ஏக்கதத்தின் காலத்தில் (1758–1767), தலைநகரினின்றும் தப்பியோடிய வெள்ளை யானையைப் பிடிக்கக் குய்த் தலைவர் உதவினர் என்றும், அதற்கு ஈடாக அவர்களுக்குப் பட்டங்கள் வழங்கப்பெற்றன என்றும் அப்பகுதியில் ஒரு மரபுச் செய்தி உண்டு. சூரின் நகரின் தோற்றத்தை அத்தலைவர்களுள் ஒருவரோடு தொடர்புபடுத்துவர். இம்மரபை முற்றும் வரலாறாகக் கொள்ளாவிடினும், பட்டம் பெற்றவரின் மக்களே திறையின் பெயரால் அழைக்கப்பட்டனர் என்னும் முரண் எண்ணத்தக்கது.

அறிஞர் நூல்களிலும் இவ்விரு பெயர்களின் போராட்டத்தைக் காணலாம். மேற்குறித்த 1978-ஆம் ஆண்டு அகராதி, பிரசெர்த் சிறீவிசேத் தொகுத்தது. அதன் தலைப்பில் மக்கள் தமக்கிட்டுக்கொண்ட பெயர் முன்னும், 'சுவாய்' பிறைக்குறிக்குள்ளும் நிற்கின்றன. 2004-இல் ஆபிரம்சன், தீரபன் லுவாங்தோங்கும், நை ஆகிய மூவரும் இம்மொழியின் குரல்வகை பற்றி எழுதிய ஆய்விலோ 'சுவாய்' முன்னும், 'குவாய்' பிறைக்குறிக்குள்ளும் நிற்கின்றன. இரண்டும் தாய்லாந்துக் கல்விச் சூழலோடு தொடர்புடையவை. இரண்டும் நல்ல ஆய்வுகள். ஆயினும் எப்பெயர் தலைமைப் பெயர், எப்பெயர் விளக்கப் பெயர் என்பதில் கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் முடிவு ஏற்படவில்லை என்பதை அப்பிறைக்குறிகள் உணர்த்துகின்றன.

கம்போடியாவில் நிகழ்ந்தது வேறு வகை. 1960-களில் அந்நாட்டு அரசு மலைநாட்டுப் பழங்குடிகள் அனைவரையும் 'மேல்நிலக் கெமர்' என்னும் பொதுப்பெயரால் குறித்தது. இப்பெயரைக் கேட்பவர் குய்மொழியைக் கெமர் மொழியின் ஒரு வழக்கென எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதற்கு எண்ணுப்பெயர்களே போதிய சான்று. கெமர் மொழி ஆறு முதல் ஒன்பது வரையுள்ள எண்களை 'ஐந்தொன்று', 'ஐந்திரண்டு' என ஐந்தின்மேல் கூட்டிச் சொல்லும். குய்மொழியோ ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய நான்கிற்கும் தனித்தனிச் சொற்களை உடையது. அச்சொற்கள் புரு மொழிச் சொற்களோடு ஒலியமைதி பிறழாமல் ஒத்துவருகின்றன. குடும்பத்தால் இரண்டும் உறவுடையன என்பது உண்மை. ஆயினும் தமக்கையும் தங்கையும் உறவுடையர் என்பதற்காக ஒருவரை மற்றவரின் மகள் என்று கூறுதல் பொருந்துமோ?

3. தொழில் பற்றிய பெயர்கள்

கம்போடியக் குய் மக்களுள் 'குய் தேக்', 'குய் தம்ரேய்' என்னும் பிரிவுகள் பழைய நூல்களிற் பேசப்படுகின்றன. 'தேக்' என்பது இரும்பு. 'தம்ரேய்' என்பது யானை. இரும்பு உருக்கிய குய் மக்கள், யானை பழக்கிய குய் மக்கள் என்பது பொருள். இரும்புமலை எனப் பொருள்படும் பினோம் தேக் பகுதியில் குய் மக்கள் நெடுங்காலம் இரும்பு உருக்கியமை நன்கறிந்த செய்தி. அத்தொழில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் மறைந்தது.

இப்பெயர்களை மொழிநூல் நோக்கிற் காணுங்கால் இரண்டு குறைகள் புலப்படும். முதலாவது, 'தேக்', 'தம்ரேய்' ஆகிய இரண்டும் கெமர் மொழிச் சொற்கள். குய்மொழியில் யானைக்கு வழங்கும் சொல் 'அசியங்' என்பது போல ஒலிக்கும். தம் பிரிவுக்குத் தாமே பெயரிட்டிருப்பின் அம்மக்கள் தம் சொல்லை விட்டு அயலார் சொல்லை எடுத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே இவை அயலார் இட்ட பெயர்கள் என ஊகித்தல் தகும். இரண்டாவது, தொழில் வேற்றுமை ஒலி வேற்றுமையைக் காட்டுமென்பதற்கு விதி இல்லை. ஒரே ஊரில் உழவனும் கொல்லனும் ஒரே கிளைமொழியைப் பேசலாம். வெவ்வேறு ஊர்களில் வாழும் இரு கொல்லர் வெவ்வேறு கிளைமொழிகளைப் பேசலாம். உலைக்களம் அவிந்தபின் 'குய் தேக்' என்பாரின் பேச்சு மாறிவிட்டதென எவரும் கூறார். தொழில் மறைய மறையும் பாகுபாடு மொழிப்பாகுபாடு ஆகாது.

யானை பற்றிய வழக்கில் வேறொரு நுட்பமும் உண்டு. சூரின் மாகாணத்துத் தா தும் பகுதியிலுள்ள தா கிளாங் என்னும் ஊர், குவாய் யானைப்பாகர்க்குப் பெயர்பெற்றது. சூரின் நகரில் 1960 முதல் நடைபெறும் யானைத் திருவிழா அவர்களைப் பலரறியச் செய்தது. எருமைத்தோலாற் செய்த பாகம் என்னும் கயிற்றையும் அதில் உறையும் தெய்வத்தையும் வழிபட்டே அவர்தம் முன்னோர் காடு புகுந்தனர். காட்டில் இருக்கும் நாளெல்லாம் இயல்பான சொற்களை விலக்கி, அதற்கெனவே அமைந்த சொற்களைக் கையாண்டனர். காட்டு யானை பிடித்தல் இன்று வழக்கொழிந்துவிட்டது. அச்சொற்களை அறிந்த முதியோர் சிலரே.

இச்சொற்றொகுதியை வேட்டைமொழி என்றும் தெய்வமொழி என்றும் கூறி, குய்மொழியின் கிளைமொழிகளோடு ஒருங்கு எண்ணும் போக்கு சில எழுத்துகளில் தலைகாட்டுகிறது. தமிழிலக்கணம் பயின்றார்க்கு இக்குழப்பம் நேராது. பொற்கொல்லர் முதலிய ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொற்களைக் குழூஉக்குறி என நம் இலக்கணம் தனியே வகுத்துள்ளது. ஒரு நிலத்துக்கு உரிய சொல்லைத் திசைச்சொல் எனப் பிறிதோரிடத்தில் வைத்துள்ளது. யானை வேட்டுவரின் சொற்கள் முன்னதன்பாற்படும். அவை அரிய செல்வம். விரைந்து பதிவு செய்யத்தக்கவை. ஆயின் அவற்றைக் கிளைமொழி எனல் தகாது.

4. ஒலி காட்டும் எல்லை

பெயர்களை இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கினால் எஞ்சுவது யாது? ஒலியே. இங்குப் பெயரும் ஒருவாறு துணைநிற்கிறது என்பதை மறைக்காது கூறுதல் வேண்டும். மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் சிசாகேத் பக்கத்தில் பெரும்பாலும் 'குய்' எனவும், சூரின் பக்கத்தில் பெரும்பாலும் 'குவாய்' எனவும் ஒலிக்கிறது. தனியுயிர் ஒருபுறமும் ஈருயிர்க்கூட்டு மறுபுறமும் நிற்கின்றன. ஆகவே அயலார் இட்ட பெயர் காட்டாத வேற்றுமையைத் தாமே இட்ட பெயர் தன் ஒலிப்பிலேயே காட்டுகிறது. வான் தெர் ஹாக், வோய்கோஸ் ஆகிய இருவர் 1980-களின் பிற்பகுதியில் அவ்விரு மாகாணங்களிலும் நிகழ்த்திய கிளைமொழிக் கள ஆய்வு இத்துறையில் அடிப்படையானது.

ஆயினும் ஒரு சொல்லின் வேற்றுமையால் ஒரு கிளைமொழியை நிறுவ இயலாது. நம் நாட்டில் வாழைப்பழம் என்பதனை ழகரம் பிறழாது ஒலிப்பாரும், ளகரமாக ஒலிப்பாரும், யகரமாக ஒலிப்பாரும் உளர். அவ்வொரு சொல்லைக் கொண்டு தமிழரை மூன்று மொழியினராக எவரும் பிரித்ததில்லை. மாறாக, 'இலை' என்பது 'எலை' ஆகும் வழக்கில் 'இடம்' என்பது 'எடம்' ஆதலும், 'உடம்பு' என்பது 'ஒடம்பு' ஆதலும் காணப்படுமாயின் அங்கு ஓர் ஒலிவிதி செயற்படுகிறது என்று துணியலாம். குய், குவாய் வேற்றுமையும் அவ்வாறே ஆராயப்படல் வேண்டும். அவ்வுயிர் வேறுபாடு எத்துணைச் சொற்களில் மீண்டும் மீண்டும் வருகிறது, எச்சூழலில் வாராதொழிகிறது, எவ்வூரில் தொடங்கி எவ்வூரில் முடிகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின்னரே எல்லைக்கோடு வரைதல் முறை.

குய்மொழியின் ஒலியியலில் இதனினும் ஆழ்ந்த பண்பு குரல்வகை வேற்றுமையாகும். தெளிந்த குரலில் ஒலிக்கும் உயிர் ஒரு வகை; மூச்சுக்காற்று உடன் கலந்து ஒலிக்கும் உயிர் மற்றொரு வகை. பிற ஒலிகள் ஒத்திருப்பினும் இவ்வேற்றுமை ஒன்றே பொருளை வேறுபடுத்த வல்லது. இதன் தோற்றம் வரலாற்றொப்பியலால் விளங்கும். இம்மொழியின் முற்கால நிலையில், 'க' போன்ற ஒலிப்பிலா வெடிப்பொலிகளும் அவற்றிற்கு இணையான ஒலிப்புடைய வெடிப்பொலிகளும் சொல்லின் முதலில் நின்று பொருளை வேறுபடுத்தின. காலப்போக்கில் ஒலிப்புடையன தம் ஒலிப்பை இழந்து மற்றவற்றோடு ஒன்றாயின. அவை இழந்த வேற்றுமை அடுத்து நின்ற உயிரின்மேல் ஏறி மூச்சுக்குரலாய் எஞ்சியது. மெய் விட்டுச்சென்ற பொறுப்பை உயிர் ஏற்றுக்கொண்டது எனலாம்.

மூச்சுக்குரல் உயிர்கள் பொதுவாகத் தாழ்ந்த சுருதியை நாடும். ஆதலின் தொனிமொழியாகிய தாய், லாவோ ஆகியவற்றை நாள்தோறும் பேசும் குய் மக்களிடம் குரல்வேற்றுமை படிப்படியாகச் சுருதி வேற்றுமையாக உருமாறக்கூடுமோ என்பது பெரிய வினா. முற்கூறிய 2004-ஆம் ஆண்டு ஆய்வு, கருவியளவையாலும் கேட்போர் செவியாலும் இப்பண்பைச் சோதித்தமையால் தனிச்சிறப்புடையது. கம்போடியக் குய் மக்களின் அண்டை மொழியாகிய கெமர் தொனிமொழி அன்று. ஆகவே ஒரே பண்பு இருபுறத்தும் வெவ்வேறு சூழலில் வாழ்கிறது. கிளைமொழியாராய்ச்சிக்கு இதனினும் சிறந்த களம் எளிதிற் கிட்டாது. எனினும் உயிரின் வடிவத்தை மட்டும் குறித்துக் குரல்வகையைக் குறியாது விட்ட பழைய சொற்பட்டியல்களால் இக்களத்தில் பயனில்லை. அத்தகைய பட்டியல்களை அடிப்படையாகக் கொண்ட பாகுபாடுகளையும் நாம் ஐயத்தோடே ஏற்றல் வேண்டும்.

5. நாட்டெல்லையும் எழுத்தும்

கம்போடியாவில் மான், மார்க்கோவ்ஸ்கி ஆகிய இருவர் ஆற்றிய கிளைமொழி ஆய்வு 2005-இல் வெளிவந்தது. ழெரார் திஃப்லோத்து அந்நாட்டுக் குவாய்ச் சொற்களைத் தொகுத்து, வரலாற்றுக் குறிப்புகளுடன் 2011-இல் வெளியிட்டார். தாய்லாந்து ஆய்வு சூரின், சிசாகேத் என்னும் பெயர்களைத் தலைப்பிலே தாங்குவது போல, இவையும் கம்போடியா என்னும் பெயரைத் தலைப்பிலே தாங்குகின்றன. களப்பணி செய்வார்க்கு அனுமதியும் செலவும் பாதுகாப்பும் நாட்டெல்லைக்கு உட்பட்டே அமைதலின் அவர்களைக் குறைகூற நாம் முற்படவில்லை. படிப்போர் செய்யும் பிழையையே சுட்டுகின்றோம். தாய்லாந்துப் பட்டியலிற் கண்ட கிளைகளையும் கம்போடியப் பட்டியலிற் கண்ட கிளைகளையும் கூட்டி, 'குய்மொழிக்கு இத்துணைக் கிளைமொழிகள்' எனத் தொகை கூறுவோர் உளர். தங்கிரேக் மலைத்தொடரின் வடசரிவில் வாழ்வார் பேச்சும் தென்சரிவில் வாழ்வார் பேச்சும் ஒரே கிளையாயின் அத்தொகையில் ஒன்று இருமுறை எண்ணப்பட்டதாகும். அம்மலைமேல் நிற்கும் பிரேயா விகார் கோயில் எந்நாட்டிற்குரியது என்பதனை அனைத்துலக நீதிமன்றம் 1962-இல் முடிவு செய்தது. அம்முடிவு மொழியெல்லைக்கும் முடிவாகாது.

தொன்றுதொட்டுத் தனியெழுத்து இல்லாத குய்மொழி, இன்று எழுதப்படும்போது தாய்லாந்தில் தாய் எழுத்தையும் கம்போடியாவில் கெமர் எழுத்தையும் நாடுகிறது. ஒரு வகையில் இரண்டும் ஏற்றனவே. கெமர் எழுத்தில் மெய்கள் இரண்டு வரிசைகளாக நின்று, அடுத்து வரும் உயிரின் ஒலியை மாற்றும். ஒலிப்பிழந்த பழைய மெய்களின் நினைவே அவ்வரிசைப்பாகுபாடு; குய்மொழியின் குரல்வகை தோன்றிய வரலாறும் அதுவே. ஆனால் சூரின் பக்கத்துச் சிறுவன் எழுதிய ஒரு வரியைப் பிரேயா விகார் பக்கத்துச் சிறுவன் படிக்க இயலாது. அவன் வாய்விட்டுச் சொன்னால் இவனுக்கு விளங்கக்கூடும். ஒலி பிரிக்காததை எழுத்து பிரிக்கும் நிலை இது. இனிவரும் காலத்தில் குய்மொழியை இரண்டாக்கும் ஆற்றல் குய், குவாய் என்னும் உயிர்வேற்றுமையைவிட இவ்வெழுத்து வேற்றுமைக்கே மிகுதி என்பது எம் கருத்து.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. தாய்லாந்தில் குய் மக்கள் ஏறத்தாழ 4 இலட்சம் எனப் பொதுவாக மதிப்பிடுவர். கம்போடியாவின் 2008-ஆம் ஆண்டுக் கணக்கில் குய்மொழியைத் தாய்மொழியாகக் குறித்தோர் 30 ஆயிரத்திற்கும் குறைந்தனர். முதலெண் இனத்தை நோக்கியது. இரண்டாவது வாய்மொழியை நோக்கியது. எரிக் செய்தன்ஃபாதன் 1952-இல் குய் மக்களைப் பற்றி எழுதியபோதே, அவர்கள் ஓரிடத்தில் லாவோ மொழியிலும் மற்றோரிடத்தில் கெமர் மொழியிலும் கரைந்து வருதலைக் குறித்தார். அண்டை மொழியும் பள்ளி மொழியும் வீட்டுக்குள் புகும் இடங்களில் இளையோரின் நாவில் அயற்சொல் பெருகும். அச்சொற்பெருக்கையும் கிளைமொழி வேற்றுமையெனப் பதிவு செய்துவிட்டால், தேய்ந்து வரும் மொழி கிளைத்து வளர்வதாகத் தோன்றும். நோயை வளர்ச்சியென மயங்கும் அத்தகைய ஆய்வு அம்மக்களுக்குத் தீங்கே செய்யும்.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: குய்மொழியின் கிளைகளாகப் பேசப்படுவனவற்றுள் அரசிறை பற்றியன, தொழில் பற்றியன, நாட்டெல்லை பற்றியன, ஒலி பற்றியன என நால்வகை விரவிக் கிடக்கின்றன. இவற்றுள் இறுதியது ஒன்றே மொழிநூலுக்கு உரியது. அதுவும் ஒரு சொல்லால் அன்றி, விதியாய் மீண்டும் வரும் ஒலிவேற்றுமையாலும், பேசுவோர் தம்முள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் அளவாலும் நிறுவப்படல் வேண்டும். ஏனைய மூவகையும் வரலாற்றுக்கும் மானிடவியலுக்கும் உரியவை. அவற்றைப் புறக்கணிக்க வேண்டுவதில்லை, இடமறிந்து வைத்தல் வேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்கு இரண்டு வேண்டுகோள் விடுக்க விரும்புகின்றோம். ஒடிசாவின் திராவிட மொழியைக் 'கூயி' என்றும், தென்கிழக்காசிய மொழியைக் 'குய்' என்றும் எழுத்தால் வேறுபடுத்தி எழுதுதல் நன்று. உரோமன் எழுத்து மறைக்கும் வேற்றுமையை நம் எழுத்து தெளிவாகக் காட்டவல்லது. 'சுவாய்' என்பதனை மொழிப்பெயராக ஆளாதொழிதல் அதனினும் நன்று. தம்மை மனிதர் என்று சொல்லிக்கொள்ளும் மக்களைத் திறை என்று அழைக்க நமக்கு எக்காரணமும் இல்லை.

எம் சீட்டுப்பெட்டியில் அவ்வகராதியின் குறிப்பைக் கூயிமொழிச் சீட்டுகளினின்றும் எடுத்து, சோரா மொழிக்குரிய சீட்டுகளின் அருகே வைத்துள்ளோம். இரண்டிற்கும் இடையே நெடுந்தொலைவு இருப்பினும் அதுவே அதற்குரிய இடம்.